தங்கசாமியின் நீர் மாத்திரை

தங்கசாமியை முதல் தடவை எங்கள் எமர்ஜென்சி வார்டுக்குக் கொண்டுவந்தபோது அவரைத் திட்டினேன். இரண்டாம் தடவையும் அவரைத்தான் திட்டினேன். ஆறாம் தடவை அவருடைய மருமகளைத் திட்டினேன். உண்மையில் யாரைத் திட்டியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. இருபது வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். உஷாராணி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'அந்தக் கத்துற சிஸ்டர்' என்றால் நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் கை காட்டுவார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கத்தாமல் இருந்தால் எங்கள் வார்டில் ஒரு ஸ்ட்ரெச்சர் நகராது.

தங்கசாமிக்கு ஊர் புதுச்சத்திரம் பக்கம். அறுபத்தேழு வயது. முப்பத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். முட்டை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போனதில் ஆரம்பித்து, அப்புறம் நேஷனல் பர்மிட் வண்டியில் குஜராத், ராஜஸ்தான், அசாம் என்று திரிந்தவர். இந்தி பேசுவார், கொஞ்சம் வங்காளமும் வரும். ஆள் நல்ல உயரம். முழங்கை வரைக்கும் வலது கை மட்டும் கறுத்திருக்கும். வண்டியின் ஜன்னல் மேல் கை வைத்தே பழகிய கை. ரிட்டயர்டு ஆகி வீட்டோடு இருந்த கொஞ்ச நாளில் மனைவி சென்னியம்மாள் இறந்துவிட்டார். மகன் குணசீலன் போர்வெல் ரிக்கில் மேனேஜர், சத்தீஸ்கரில் இருக்கிறான். ஆடியில் மழை பிடித்து ரிக் நிற்கும்போது ஒரு மாதம் ஊருக்கு வருவான், அவ்வளவுதான். வீட்டில் இருப்பது தங்கசாமியும் மருமகள் தனப்பிரியாவும் இரண்டாவது படிக்கிற பேத்தி நித்யஸ்ரீயும்.

முதல் தடவை வந்தது ஒரு சித்திரை மாதக் காலையில். ஸ்ட்ரெச்சரில் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே வந்தார். உதடு நீலம். இரண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. டூட்டி டாக்டர் தீனதயாளன் ஸ்டெத்தை வைத்த உடனே, "நுரையீரல் பூரா தண்ணி, சிஸ்டர்" என்றார். ஆக்ஸிஜன் போட்டோம், நீர் பிரிகிற ஊசி போட்டோம், யூரின் டியூப் வைத்தோம். சாயங்காலத்துக்குள் இரண்டரை லிட்டர் இறங்கியது. மறுநாள் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஜெய்ப்பூர் ரோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் தீனதயாளன் சின்ன வயசு, ஆனால் பொறுமைசாலி. தங்கசாமிக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதயம் பலவீனமாகிவிட்டது, பாதி வேலைதான் செய்கிறது, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது. தினமும் காலையில் ஒன்று, மதியம் ஒன்று நீர் மாத்திரை போட வேண்டும். தேங்குகிற தண்ணீர் மூத்திரமாகப் போய்விடும். மாத்திரையை விட்டால் மறுபடி நுரையீரல் நிறைந்துவிடும்.

"செரிங்க சாமி" என்றார் தங்கசாமி. எல்லாவற்றுக்கும் அவர் அதைத்தான் சொல்வார்.

இருபதே நாளில் மறுபடி வந்தார். அதே நீலம், அதே வீக்கம். "உப்பைக் குறைக்கச் சொன்னா ஊறுகாய்ப் பாட்டிலக் கட்டிக்கிட்டுப் படுத்தீங்களா?" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டார். மருமகள்தான் குறுக்கே வந்தது. "இல்லீங்க சிஸ்டர், பாதி உப்புலதான் சமைக்கறேன். புள்ளயே சாப்பிட மாட்டேங்குது."

எட்டு மாதத்தில் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். எக்கோ எடுத்தோம், கிட்னிக்குப் பார்த்தோம், தைராய்டு பார்த்தோம். ஒன்றும் விளங்கவில்லை. குழப்பம் என்னவென்றால், ஆஸ்பத்திரியில் ஊசியை நிறுத்திவிட்டு அதே மாத்திரையைக் கொடுத்தால் மனுஷனுக்கு அருமையாக நீர் பிரியும். வீட்டுக்குப் போனால் பிரியாது. "மாத்திரை பஸ் ஏறினதும் செத்துப்போகுதா சிஸ்டர்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். இந்த அளவுக்கு யானைக்குக்கூடத் தண்ணீர் வற்றியிருக்கும் என்றார்.

மனநல டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினோம். மனைவி போய் இரண்டு வருஷம் ஆகவில்லை, வாழ்க்கை வெறுத்து மாத்திரையைத் தவிர்க்கிறாரோ என்று சந்தேகம். "சாகணும்னு தோணுதுங்களா?" என்று அவர் கேட்டதற்கு, "ஏனுங்க, பேத்தி கல்யாணத்தப் பாக்காமயா?" என்று தங்கசாமி சிரித்துவிட்டார். தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார் அவர். ஆஸ்பத்திரியில் குடும்ப விவரம் கேட்கிற பெண் ஒருத்தி வந்து, வீட்டில் எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள், சண்டை உண்டா என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனாள். எல்லாருடைய காகிதத்திலும் ஒரு காரணம் இருந்தது. எந்தக் காரணத்தை வைத்தும் தங்கசாமியின் கால் வீக்கத்தைக் குறைக்க முடியவில்லை.

ஆறாம் தடவை கார்த்திகையில். அன்றைக்கு மூச்சுக்குழாயில் டியூப் போடுகிற கட்டம் வரைக்கும் போய்த் திரும்பினார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆனா இங்க வந்து சேர்றதுக்குள்ளயே முடிஞ்சிரும். ஊட்டுல என்னதான் நடக்குதுன்னு கண்டுபிடிங்க" என்றார். சேலம் டவுனில் வளர்ந்தவர், எங்கள் கிராமத்துப் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எடப்பாடியில் வாழ்க்கைப்பட்ட மகள் கிருத்திகா வந்திருந்தாள். வராந்தாவில் நின்று, நாலு பேர் கேட்கிற மாதிரி பேசினாள். "எங்கப்பனுக்கு மாத்திரயத்தான் குடுக்கறாளா, இல்ல வேற என்னத்தக் குடுக்கறாளோ. அம்மா இருந்தவரைக்கும் ஒரு தலைவலி உண்டா அவுருக்கு? எங்கப்பன் போயிட்டா ஊடு முழுசும் இவளுக்குத்தான."

தனப்பிரியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கிருத்திகாவை வாயை மூடச் சொல்லியிருக்க வேண்டும். நான் தனப்பிரியாவைக் கையைப் பிடித்து ஊசி ரூமுக்குள் இழுத்துப் போனேன். "நெசத்தச் சொல்லு. மாத்திரை குடுக்கறியா இல்லயா?" என்றேன். அது பையைத் திறந்து காலி அட்டைகளைக் கொட்டியது. ஒரு மாத்திரை மிச்சமில்லை. "என் கையால எடுத்து, தண்ணியும் குடுத்து, வாயில போடற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தானுங்க நகருவேன்" என்றது. "காலி அட்டைய யாரு வேணாலும் காட்டலாம்" என்றேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்தப் பெண் அழக்கூட இல்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டது.

டிஸ்சார்ஜ் அன்று காலை யூரின் டியூபை எடுக்கப் போனேன். எங்கள் வார்டில் அந்த டியூப் மாதிரி வெறுக்கப்படுகிற சாமான் வேறு இல்லை. எரிகிறது, இழுக்கிறது, எப்போது எடுப்பீர்கள் என்று ஆம்பிளைகள் அழுவார்கள். தங்கசாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும் சாமி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எது இருக்கட்டும்?"

"இந்த டியூப்புதானுங்க. இதோடயே ஊட்டுக்குப் போயிக்கறேன்."

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? காய்ச்சல் கண்டுரும், சீழ் புடிக்கும். இதுல அப்படி என்னத்த சொகத்தக் கண்டீங்க?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். மருமகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தது. குரலை இறக்கிச் சொன்னார். "மாத்திரயப் போட்டா கால் மணிக்கு ஒருக்கா வருதுங்க."

"வரத்தான் செய்யும். அதுக்குத்தான் மாத்திரை. வந்தா போங்க."

"எங்கீங்க போறது?"

டியூபிலிருந்து கையை எடுத்தேன்.

துண்டு துண்டாகச் சொன்னார். வீட்டில் முன்னே ஒரு ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. பாத்ரூமும் கக்கூஸும் அந்தப் படுக்கையறைக்குள்ளேயே, அட்டாச்டு. வெளியே காம்பவுண்ட் ஓரமாக இன்னொரு கக்கூஸ் இருந்தது. தங்கசாமியும் அவர் மனைவியும் அதைத்தான் பயன்படுத்துவார்கள். மனைவி இறந்த பதினாறாம் நாள் வாஸ்து பார்க்கிறவர் ஒருத்தரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் வீட்டைச் சுற்றி நடந்துவிட்டு, ஈசானி மூலையில் கக்கூஸ் வைத்தால் பெண் உசுரு தங்குமா என்று கேட்டிருக்கிறார். வடகிழக்கு மூலை சாமி மூலையாம். மறுவாரமே இடித்துத் தள்ளி மண்ணை மூடிவிட்டார்கள். வேறு இடத்தில் கட்டலாம் என்றால் வடமேற்கில், வாயு மூலையில் போர்வெல் இருக்கிறது, மிச்சத்தில் படி இருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே நின்றுவிட்டது. அவர் படுப்பது ஹாலில். படுக்கையறையில் மருமகளும் பேத்தியும்.

"மருமகப் புள்ள படுத்திருக்கற ரூமத் தாண்டி நான் எப்படீங்க போறது?" என்றார்.

"பகல்ல போலாமல்ல?"

"பகல்லயும் அது அவிங்க ரூமுதானுங்களே. துணிமணி கெடக்கும். மகனும் ஊர்ல இல்ல. நான் ஒரு நாளைக்கு இருவது தடவ அந்தக் கதவத் தட்டிட்டு நின்னா, அந்தப் புள்ள என்ன நெனைக்கும்?"

"வெளிய போறது?"

வெளியே எல்லாம் இப்போது சைட் போட்டு வீடாகிவிட்டதாம். ஒருநாள் மாமரத்து ஓரமாக ஒதுங்கப்போய், எதிர்வீட்டு டீச்சரம்மா மாடியிலிருந்து "பெரியவரே!" என்று கத்தியிருக்கிறார். அதோடு சரி. விடியற்காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஹைவே பெட்ரோல் பங்குக்குப் போய்விட்டு வருவார். இருட்டினபின் ஒரு தடவை. இடையில் வருவதை அடக்குவார். லாரிக்காரருக்கு அடக்கத் தெரியாதா? ஆனால் நீர் மாத்திரை போட்டால் அடக்க முடிவதில்லை. அதனால் மருமகள் கொடுக்கிற மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரை மட்டும் விழுங்கிவிட்டு, கொல்லைக்குப் போய் வாழை மரத்தடியில் துப்பிவிடுவார். எட்டு மாதம். டாக்டர் அளவைக் கூட்டக் கூட்ட அந்த வாழைக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கிறது.

"லாரியில இருந்தப்ப என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன், என்ன கேட்பது என்று தெரியாமல்.

"அப்ப இந்தியாவே நம்முளுதுதானுங்களே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கோபம்தான் முன்னால் வந்தது. இருபது வருஷத்தில் 'யூரின் போச்சா' என்று எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டிருப்பேன். எங்கே போகிறீர்கள் என்று ஒருத்தரைக் கேட்டதில்லை. "வாயில என்ன கொழுக்கட்டயா? மொத நாளே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன். கத்திவிட்டுத் திரும்பினால், மருந்துப் பையோடு தனப்பிரியா நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றது என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாமே கேட்டிருந்தது.

"என்னயக் கொலகாரின்னாங்க மாமா" என்றது.

தங்கசாமி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சரி சரி, ஆகற காரியத்தப் பாருங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அங்கேயே நின்று தனப்பிரியா புருஷனுக்குப் போன் போட்டது. பழைய இடத்திலேயே கக்கூஸைக் கட்டிவிடலாம் என்றது. போனுக்குள்ளிருந்து அவன் கத்தியது எனக்கே கேட்டது. "ஈசானி மூலையில மறுக்காவுமா? அம்மா போனது பத்தலயா உனக்கு? ஆடிக்கு நான் வந்து பாத்துக்கறேன், அதுவரைக்கும் எதையும் தொடாத." ஆடிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. தனப்பிரியா போனை வைத்துவிட்டு யோசித்தது. "நானும் பாப்பாவும் ஹால்ல படுத்துக்கறோம். ரூம மாமா எடுத்துக்கட்டும். இனி அது அவங்க ரூமு, யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்றது. எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார்.

நாலு மாதம் தங்கசாமி வரவே இல்லை. மாதாந்திர செக்கப்புக்கு மட்டும் வெளிநோயாளிகள் பக்கம் வந்து போனார். கால் வற்றி, சட்டை தொளதொளவென்று. நான் இந்தக் கதையைக் கேண்டீன் வரைக்கும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். பெரிய பெரிய டாக்டருக்கெல்லாம் பிடிபடாததை நான் டியூபை வைத்தே கண்டுபிடித்தேன் என்று.

பங்குனியில் ஒரு மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரம், ஒரு ஆட்டோ வந்து நின்றது. தங்கசாமி இறங்கினார். "என்னங்க, மறுபடியும் வாழைக்கு வைத்தியமா?" என்று கத்திக்கொண்டே போனேன். அவர் நன்றாகத்தான் இருந்தார். ஆட்டோவுக்குள் தனப்பிரியா சுருண்டு கிடந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தொட்டால் கை சுட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது. பிரஷர் எண்பதுக்குக் கீழே இருந்தது.

"கிட்னியில இன்ஃபெக்ஷன். ரத்தத்துல ஏறிருச்சு" என்றார் டாக்டர் தீனதயாளன். இரண்டு கையிலும் சலைன் ஏற்றினோம். ஐந்து நாளாவது ஊசி போக வேண்டும், இன்று ராத்திரி தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார்.

தங்கசாமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தண்ணியே குடிக்க மாட்டேங்குதுங்க சாமி. இந்த வெய்யக் காலத்துல ஒரு சொம்புகூடக் குடிக்கறதில்ல. ஏன்னு கேட்டா தாகமில்லங்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அவரை வெளியே அனுப்பிவிட்டுக் குனிந்து கேட்டேன். இந்தத் தடவை கத்தவில்லை. "ஏங்கண்ணு தண்ணி குடிக்கல?"

கண்ணைத் திறக்காமலே சொன்னது. "மாமா ரூமுக்குள்ளதான இருக்காங்க."

"அதனால?"

"அவுங்க கட்டில ஒட்டித்தான் பாத்ரூம் கதவு. சத்தம் கேக்குங்க சிஸ்டர்."

காலையில் அவர் டீக்கடைக்குப் போகும்போது ஒரு தடவை, பொழுது சாய்ந்து அவர் வெளியே உட்காரும்போது ஒரு தடவை. அவ்வளவுதான் போகிறதாம். வீட்டுக்குத் தூரமாகிற நாட்களில் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு நிற்கிறதாம். நாலு மாதமாக.

வராந்தாவுக்கு வந்தேன். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கிற ஆளா நான்? சொல்லிவிட்டேன். உங்களுக்காக ரூமைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் அடக்கிக்கொண்டு கிடக்கிறது, பழைய இடத்தில் ஒரு கக்கூஸைக் கட்டித் தொலையுங்கள் என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"எம்பட சம்சாரம் அந்தக் கக்கூஸுக்குள்ளதானுங்க போய்ச் சேந்தா. உள்தாப்பாப் போட்டுக்கிட்டு. நான் ஊட்டுலதான் இருந்தேன், டிவி பாத்துக்கிட்டு. போனவ அரை மணி நேரமா வரல. எந்திரிச்சுப் போயி கதவுகிட்ட நின்னேன். தட்டுனா பக்கத்து ஊட்டுல பாப்பாங்க, கூச்சமா இருந்துச்சு. திரும்பி வந்து உக்காந்துக்கிட்டேன். அப்பறமா கதவ ஒடைக்கையில ஒடம்பு சில்லுனு இருந்துச்சு."

நானும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.

"வாஸ்துக்காரரு வந்து அந்த மூலையாலதான் உசுரு போச்சுன்னு சொன்னாருங்க. அத இடிச்ச அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு." இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சாமி. மூலையாலதான போனா? இல்ல, நான் கதவத் தட்டியிருந்தா பொழச்சிருப்பாளா?"

மூலைதான் என்றால், அந்த மூலையில் இனி யாரும் செங்கல் வைக்க மாட்டார்கள். உள்ளே கிடக்கிற பெண் மறுபடி இதே கட்டிலுக்கு வரும், அல்லது வராமலே போகும். மூலை இல்லை என்றால், அந்தக் கதவுக்கு முன்னால் இவர் சாகிற வரைக்கும் நின்றுகொண்டிருப்பார். சென்னியம்மாளுக்கு மாரடைப்பா, மூளையில் ரத்தக் கசிவா, என்ன எழவு என்று எனக்கென்ன தெரியும்? யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக, "எனக்குத் தெரியலீங்க ஐயா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கதவின் கண்ணாடி வழியாக மருமகளைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நம்பரைத் தேடினார்.

"மேஸ்திரிங்களா? தங்கசாமி பேசறேன். ஒரு கக்கூஸ் கட்டோணும், நாளைக்கே வந்துருங்க" என்றார். அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். "அதே எடத்துலதான். ஆமாங்க, ஈசானி மூலையிலயேதான். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன்." மறுபடி கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். "மூலை மேல ஒரு தப்பும் இல்லீங்க. கதவு மட்டும் வெளிய இருந்தும் தொறக்கற மாதிரி வெச்சிருங்க."